லிஸ்பன்: நம் செபங்கள் முதன்முதலில் அச்சேறிய துறைமுகம்



கோடை விடுமுறை நெருங்கும் இந்நாள்களில், நம் பங்கின் குடும்பங்கள் பல பாத்திமா அன்னையின் திருத்தலத்துக்குச் செல்ல ஆயத்தமாகின்றன. செல்வோரிற் பெரும்பாலோர் விமானத்தில் லிஸ்பன் நகரில் இறங்கி, ஓரிரு நாள்கள் அந்நகரைச் சுற்றிப் பார்த்த பின்னரே, வடக்கே ஏறத்தாழ 120 கிலோமீற்றர் தொலைவிலுள்ள பாத்திமாவுக்குப் பயணமாகின்றனர். மஞ்சள் நிற ட்ராம் வண்டியில் மேட்டுத் தெருக்களை வலம் வருவதும், ஆற்றங்கரைக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொள்வதும், சூடான முட்டைப் பணியாரங்களை உண்பதும் அந்நாள்களில் நிறைவேறிவிடும். அவை யாவும் நல்லவையே. ஆயினும், அந்நகரில் நமக்கென்றே இருக்கும் சில இடங்களை அறியாமல் நம்மவர் கடந்து போவது எனக்கு நெடுநாளாக மனக்குறையாக இருந்து வருகிறது. அதனாலேயே இந்த நீண்ட பதிவு.

ஐரோப்பியத் துறைமுகங்களுள் தமிழ்க் கத்தோலிக்கரின் வரலாற்றோடு லிஸ்பனைப்போல் நெருங்கிய தொடர்புடையது வேறொன்றைச் சொல்வது கடினம். நம் ஊர்த் திருவிழாக்களில் தோளிற் சுமந்து வரும் புனித அந்தோனியார் பிறந்தது இந்நகரில். புனித சவேரியார் கீழ்த்திசை நோக்கிக் கப்பலேறியது இந்நகரில். ஓரியூரிற் குருதி சிந்திய புனித அருளானந்தர் பிறந்ததும் இந்நகரில். தமிழ்ச் சொற்கள் முதன்முதலாக ஒரு நூலில் அச்சேறியதும் இந்நகரிலேயே. கோட்டை அரசைத் தன் கைப்பிடிக்குள் கொண்டு வந்து, யாழ்ப்பாண அரசை அழித்த பேரரசின் துறைமுகமும் இதுவே.

"உங்கள் மதம் பறங்கியர் கப்பலில் வந்திறங்கிய மதந்தானே?" என்னும் வினாவை நம் இளையோர் பல்கலைக்கழகத்திலும், நண்பர் வட்டத்திலும், சமூக ஊடகங்களிலும் எதிர்கொள்கின்றனர். சிலர் சினந்து பேசுகின்றனர். சிலர் தலை குனிந்து விடுகின்றனர். இரண்டும் வேண்டியதில்லை. உண்மையை முழுவதுமாக அறிந்தவர் சினக்கவும் மாட்டார், குனியவும் மாட்டார். அந்த உண்மையைக் கண்ணாற் கண்டு அறிவதற்கு லிஸ்பன் மிகப் பொருத்தமான இடம். மேற்கிலிருந்து கிழக்காக, ஆற்றின் போக்குக்கு எதிராக, அந்நகரை நடந்து பார்ப்போம்.

பெலேம்: மிளகும் கறுவாவும் எழுப்பிய கற்கள்

தேஜோ ஆறு அத்திலாந்திக் பெருங்கடலோடு கலக்கும் அகன்ற முகத்துவாரத்தில் லிஸ்பன் அமைந்துள்ளது. நகர மையத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 6 கிலோமீற்றர் சென்றால் பெலேம் என்னும் பகுதி. பெத்லகேம் என்பதன் போர்த்துக்கேய வடிவமே அப்பெயர். கடலோடப் புறப்படுவோர் செபிப்பதற்காக இளவரசர் என்றிக்கே கட்டுவித்த மாதா சிற்றாலயம் ஒன்று முன்னாளில் அவ்விடத்தில் இருந்தது. வாஸ்கோ ட காமா 1497 யூலை 8 அன்று அக்கரையிலிருந்தே பாய் விரித்தார். மறு ஆண்டு மே மாதம் அவருடைய கப்பல்கள் கோழிக்கோட்டுக் கரையை அடைந்தன.

சிற்றாலயம் நின்ற இடத்தில் 16-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மன்னர் முதலாம் மனுவேல் எழுப்பத் தொடங்கியதே ஜெரோனிமோஸ் துறவுமடம். கயிறுகளும் கடற்சிப்பிகளும் அயல்நாட்டுச் செடிகொடிகளும் கல்லிற் செதுக்கப்பட்ட அதன் வாயில்களையும் தூண்களையும் கண்டு வியவாதார் இலர். ஆபிரிக்காவோடும் ஆசியாவோடும் நடந்த வணிகத்தின் வருவாயில் இருபதில் ஒரு பங்கு இக்கட்டடத்துக்கென ஒதுக்கப்பட்டது. மலையாளக் கரையின் மிளகுக்கும் அவ்வணிகத்தில் பெரும் பங்குண்டு. இலங்கையின் கோட்டை அரசர்களும் அந்நூற்றாண்டில் போர்த்துக்கேயருக்குக் கறுவாவைத் திறையாகச் செலுத்தினர். கறுவாப்பட்டை உரித்த கைகள் எவருடையவை என்று அக்கற்கள் சொல்வதில்லை.

மடத்தின் ஆலயத்துள் நுழைந்ததும் வாஸ்கோ ட காமாவின் கல்லறையைக் காணலாம். 1524 நத்தாருக்கு முன்தினம் அவர் கொச்சியில் இறந்து, அங்குள்ள பிரான்சிஸ்கன் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டார். பின்னர் அவர் எச்சங்கள் போர்த்துக்கலுக்குக் கொண்டு வரப்பட்டு, 1880-இல் இவ்வாலயத்தில் வைக்கப்பட்டன. பலர் அக்கல்லறையோடு திரும்பிவிடுவர். நீங்கள் பலிபீடத்தின் அருகே சென்று பாருங்கள். மனுவேல் மன்னரும் அவர் மகன் மூன்றாம் யோவான் மன்னரும் அவர்தம் அரசியரும் துயிலும் கல்லறைகளைப் பளிங்கு யானைகள் தாங்கி நிற்கின்றன. கீழ்த்திசையின் யானை, மேற்றிசை மன்னரின் பிணப்பேழையைச் சுமக்கிறது.

அந்த மூன்றாம் யோவான் மன்னரிடமே 1540-களின் தொடக்கத்தில் கோட்டை அரசர் புவனேகபாகு தம் தூதரை அனுப்பினார். தம் பேரன் தர்மபாலனின் பொற்சிலையை அத்தூதரோடு அனுப்பி, அச்சிலைக்கு லிஸ்பனில் முடி சூட்டுவித்தார். அந்நிகழ்வைச் செதுக்கிய தந்தப் பேழை ஒன்று இன்றும் ஜேர்மனியின் மியூனிக் நகரில், ரெசிடென்ஸ் அரண்மனைக் கருவூலத்தில் உள்ளது. ஜேர்மனியில் வாழும் நம்மவர் அதனைச் சென்று காணலாம். தர்மபாலன் வளர்ந்து, திருமுழுக்குப் பெற்று, 1580-இல் தம் அரசையே போர்த்துக்கல் மன்னருக்கு உயிலாக எழுதிக் கொடுத்தார். பாதுகாப்புத் தேடிச் சென்ற முடி, இறுதியிற் கையை விட்டே போயிற்று.

மடத்தினின்றும் ஆற்றங்கரைக்கு வந்தால் இரு சின்னங்கள். ஒன்று, 1514-இல் தொடங்கி ஐந்தாறு ஆண்டுகளிற் கட்டி முடிக்கப்பட்ட பெலேம் கோபுரம். துறைமுகத்தைக் காக்க எழுந்த அக்கோட்டையின் காவற்கூண்டு ஒன்றின் அடியில் காண்டாமிருகத்தின் தலை செதுக்கப்பட்டுள்ளது. குஜராத் சுல்தான் கொடுத்த காண்டாமிருகம் ஒன்று 1515-இல் லிஸ்பனில் வந்திறங்கி நகரையே வியக்க வைத்தது. அவ்விலங்கைத் திருத்தந்தைக்கு மன்னர் காணிக்கையாக அனுப்பியபோது, கப்பல் கவிழ்ந்து அது இத்தாலியக் கடலில் மாண்டது. பிள்ளைகளுக்கு இக்கதை மிகவும் பிடிக்கும்.

மற்றொன்று, கப்பலின் முகப்புப்போல் 50 மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கும் நாடுகாண் நினைவுச்சின்னம். 1940-இல் ஒரு கண்காட்சிக்காகத் தற்காலிகமாக அமைக்கப்பட்டு, 1960-இல் நிலையாகக் கட்டப்பட்டது. மன்னர், மாலுமி, படைத்தலைவர், புலவர், குருக்கள் என 33 பேரின் உருவங்கள் அதில் உள்ளன. அவர்களுள் நம் சவேரியாரும் ஒருவர். பெண் ஒரேயொருவர். மலிந்தித் துறையிற் கப்பலேறி, வாஸ்கோ ட காமாவுக்கு இந்தியாவரை வழி காட்டிய மாலுமிக்கு அங்கே இடமில்லை. அக்கப்பல்களிற் சங்கிலியால் பிணித்துக் கொண்டு வரப்பட்டோருக்கும் இடமில்லை. படைத்தலைவரின் வரிசையிற் சவேரியாரும் நிற்பதைக் காணும்போது, நம்மிடம் கேட்கப்படும் வினா எங்கிருந்து பிறந்தது என்பது நன்கு விளங்கும்.

வழிகாட்டி நூல்கள் விரைந்து கடக்கும் இரு இடங்கள்

பெலேமிலிருந்து நகர மையத்துக்குத் திரும்பும் வழியில், போசோ தோஸ் நெக்ரோஸ் என்றொரு தெரு உண்டு. கறுப்பரின் குழி என்பது அப்பெயரின் பொருள். இறந்த அடிமைகளின் உடல்கள் வெளியிடங்களில் வீசப்பட்டுக் கிடந்தமையால், அவற்றைப் போடுவதற்குக் குழியொன்று தோண்டும்படி 1515-இல் மனுவேல் மன்னர் ஆணையிட்டார். 16-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் லிஸ்பன் மக்களுள் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் அடிமை. அவர்களுட் பலர் திருமுழுக்குப் பெற்றவர்கள். நம் சகோதரர், நம் சகோதரியர். அத்தெருவில் நின்று ஓர் "அருள்நிறை மரியே" சொல்லுங்கள். இன்று அங்கே உணவகங்களும் கடைகளும் நிறைந்துள்ளன.

நகரின் நடுவே உள்ள றோசியோ சதுக்கத்தின் அருகே புனித தோமினிக் ஆலயம். 1506-ஆம் ஆண்டு உயிர்ப்பு விழாக் காலத்தில், பஞ்சமும் கொள்ளைநோயும் நகரை வாட்டிய வேளை, இவ்வாலயத்திற் கூடியிருந்தோரிற் சிலர் திருச்சிலுவையில் ஓர் ஒளியைக் கண்டு புதுமை என்றனர். அது மெழுகுதிரியின் ஒளியே என்றார் ஒருவர். அவர் யூத குலத்திற் பிறந்து, வற்புறுத்தலால் திருமுழுக்குப் பெற்றோருள் ஒருவர். மக்கள் அவரை அடித்துக் கொன்றனர். துறவியர் சிலரே கும்பலைத் தூண்டிவிட, சில நாள்களுக்குள் ஆயிரக்கணக்கான யூத குலத்தவர் தெருத்தெருவாக வேட்டையாடப்பட்டனர். தூண்டிய துறவியரையும் மன்னர் பின்னர் தண்டித்தார். ஆலயத்தின் முன் 2008-இல் அவர்களுக்கு நினைவுக்கல் ஒன்று நாட்டப்பட்டது. 1959-இல் தீக்கிரையான அவ்வாலயத்தின் தூண்கள் இன்றும் வெடித்துக் கறுத்தவாறே விடப்பட்டுள்ளன. அவற்றின் நடுவிலேதான் திருப்பலி நிறைவேறுகிறது. 1983 ஆடி மாதத்தைக் கடந்து வந்த நம் பெரியவர்களுக்கு, கும்பல் என்றால் என்ன என்று எவரும் விளக்க வேண்டியதில்லை. கும்பலின் முன்னே திருச்சிலுவையும் சென்றது என்பதே இவ்விடத்தில் நாம் தாங்க வேண்டிய சுமை. 2000-ஆம் ஆண்டு தவக்காலத்தில் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், திருச்சபையின் பிள்ளைகள் இழைத்த பாவங்களுக்காக இறைவனிடம் வெளிப்படையாக மன்னிப்பு வேண்டினார். அச்செபத்தின் பொருளை இத்தூண்களுக்கிடையே உணரலாம்.

சவேரியாரின் துறையும் மூவரின் நூலும்

றோசியோவிலிருந்து மேட்டில் ஏறினால் புனித றோக் ஆலயம். உலகில் இயேசு சபையார் முதன்முதலாகப் பெற்ற ஆலயங்களுள் ஒன்று. வெளியிலிருந்து பார்த்தால் எளிமையான வெள்ளைச் சுவர்; உள்ளே பொன்னும் நீலமணிக் கல்லும் பதித்த சிற்றாலயங்கள். அதன் திருவுடை அறையில், ஓவியர் அந்திரே றெயினோசோ 1619-ஐ ஒட்டிய காலத்தில் வரைந்த 20 ஓவியங்கள் சவேரியாரின் வாழ்வை வரிசையாகச் சொல்கின்றன.

சவேரியார் 1540-இல் லிஸ்பனுக்கு வந்தார். மன்னர் அவரையும் அவர் தோழர் சீமோன் றொட்றிகசையும் நாட்டிலேயே வைத்துக்கொள்ள விரும்பினார். இறுதியில் றொட்றிகஸ் தங்கினார். சவேரியார் 1541 ஏப்பிரல் 7 அன்று, தம் 35-ஆம் பிறந்தநாளில், கப்பலேறினார். கோவாவை அடைய ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. 1542-இன் இறுதியில் முத்துக்குளித்துறைக்கு வந்தார். அங்கே பரதவ மக்கள் அவர் வருமுன்னரே திருமுழுக்குப் பெற்றிருந்தனர். செபம் கற்பிப்பார்தான் இல்லை. சவேரியார் இரு மொழியும் அறிந்தோரை அருகிருத்தி, சிலுவை அடையாளம், விசுவாச அறிக்கை, கர்த்தர் கற்பித்த செபம், மங்கள வார்த்தை செபம் ஆகியவற்றைத் தமிழிற் பெயர்த்து, மனனம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். இதனைத் தம் மடலில் அவரே எழுதியுள்ளார்.

அவர் வாழ்வை முழுமையாகச் சொல்வதே அவருக்கு மதிப்பு. போர்த்துக்கேய அதிகாரிகளின் பேராசையையும் கொடுமையையும் அவர் மன்னருக்கே எழுதிய மடல்களிற் கடுமையாகக் கண்டித்தார். அதே சவேரியார்தாம் 1546-இல் கோவாவுக்கு விசாரணை மன்றத்தை அனுப்பும்படியும் மன்னரைக் கேட்டார். புனிதரும் தம் காலத்தின் காற்றையே மூச்சாக இழுத்தவர்கள். அவர்களை வணங்குவதற்கு, அவர்கள் வாழ்வின் ஒரு பக்கத்தை மறைக்க வேண்டியதில்லை.

இனி, இந்நகரில் நாம் மிகவும் அறிய வேண்டியதற்கு வருகிறேன். 1554 பெப்ரவரியில் லிஸ்பனில் செர்மாவ் கல்யார்தே என்பாரின் அச்சகத்திலிருந்து சிறு செபநூல் ஒன்று வெளிவந்தது. தமிழையும் போர்த்துக்கேயத்தையும் ஒருங்கே கொண்டது அது. தமிழ்ச் சொற்கள் உரோம எழுத்துகளில், கறுப்பும் சிவப்புமான மையில் அச்சிடப்பட்டன. அந்நூலை ஆக்கியோர் ஐரோப்பியக் குருக்கள் அல்லர். இந்தியாவிலிருந்து வந்து லிஸ்பனில் இருந்த மூவர். விசேந்தே தெ நசறே, ஜோர்ஜ் கர்வாலியோ, தோமா த குரூஸ் என்பன அவர்தம் திருமுழுக்குப் பெயர்கள். அவர்களின் பிறந்த ஊரோ பெற்றோர் இட்ட பெயரோ நூலோடு வரவில்லை. ஆயினும், இந்திய மொழிகளுள் முதன்முதலாக ஒரு நூலில் அச்சேறியது தமிழ் என்னும் பெருமைக்கு உரியவர் அம்மூவரே. இந்நூல் பெலேமில் ஜெரோனிமோஸ் மடத்தின் ஒரு பகுதியில் அமைந்த தொல்லியல் அருங்காட்சியகத்தின் சேகரிப்பைச் சேர்ந்தது. வாஸ்கோ ட காமாவின் கல்லறையைக் காண நாள்தோறும் ஆயிரம் ஆயிரமாய் மக்கள் வரிசையில் நிற்கும் அதே கட்டடந்தான் அது.

இந்நூல் வெளிவந்து 24 ஆண்டுகளின் பின், 1578-இல், கொல்லத்தில் தமிழ் எழுத்துகளாலேயே "தம்பிரான் வணக்கம்" அச்சேறியது. அதனை ஆக்கிய அன்றீக்கே அடிகளார் 1546-இற் போர்த்துக்கலை விட்டுப் புறப்பட்டவர். அரை நூற்றாண்டுக்கு மேல் தமிழரிடையே வாழ்ந்து, 1600-இல் இறந்தவர். அவர் ஒருபோதும் திரும்பிச் செல்லவில்லை.

மொழியின் கொடுக்கல் வாங்கல் ஒருபக்கமாகவும் நிகழவில்லை. லிஸ்பன் தெருக்களில் நடக்கும்போது பிள்ளைகளைக் கடைப் பெயர்ப்பலகைகளை வாசிக்கச் சொல்லுங்கள். கதிரை, மேசை, யன்னல், அலுமாரி, சாவி, சப்பாத்து, பாண், துவாய், அலவாங்கு என நம் வீட்டில் வழங்கும் சொற்களின் தாய்ச் சொற்களை அங்கே கேட்பார்கள். அச்சொற்களை இன்று எவரும் பறங்கியர் சொல் என்று நினைப்பதில்லை. அவை யாழ்ப்பாணத்து அடுக்களையிலும் முற்றத்திலும் பழகி, நம்முடையனவாகிவிட்டன.

அந்தோனியாரின் நிலவறையும் அருளானந்தரின் நகரும்

மலையடிவாரத்தில், பேராலயத்தின் அருகே, புனித அந்தோனியாரின் ஆலயம் உள்ளது. அவரைப் பதுவை அந்தோனியார் என்று நாம் அழைப்பதை லிஸ்பன் மக்கள் அவ்வளவாக விரும்புவதில்லை. அவர்களுக்கு அவர் லிஸ்பன் அந்தோனியார். 1195-இல் பெர்னாந்து என்னும் பெயரோடு அவர் பிறந்த வீடு இவ்விடத்தில் இருந்ததாகக் கொள்வர். ஆலயத்தின் கீழுள்ள சிறிய நிலவறையே அவர் பிறந்த இடமாக வணங்கப்படுகிறது. 1982-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் அங்கே முழந்தாளிட்டுச் செபித்தார். ஜூன் 12-ஆம் நாள் இரவு, இம்மேட்டுத் தெருக்கள் யாவும் மீன் சுடும் புகையாலும் பாட்டாலும் நிறையும். கொச்சிக்கடையிலும், கச்சதீவிலும், உவரியிலும், புளியம்பட்டியிலும் அவரைத் தேடிச் சென்று நின்ற நம்மவர், இந்நிலவறையில் வேற்றாராக உணரமாட்டார்கள். மொரோக்கோவில் மறைசாட்சியாக விரும்பிக் கப்பலேறி, நோயுற்றுத் திரும்பும் வழியிற் புயலால் இத்தாலியிற் கரையொதுங்கியவர் அவர். வெற்றி கொண்ட கப்பல் ஒன்றும் அவர் வரலாற்றில் இல்லை.

கிழக்கே இன்னும் சென்றால், 1509-இல் லெயொனோர் அரசி நிறுவிய இறையன்னை மடத்தில் ஓட்டு ஓவிய அருங்காட்சியகம் உள்ளது. அங்கே 23 மீற்றர் நீளமான நீல ஓவியத்தில், 1700-ஐ ஒட்டிய காலத்து லிஸ்பன் முழுவதும் தீட்டப்பட்டுள்ளது. அரண்மனையும் ஆலயங்களும் கப்பல்களும் நிறைந்த அந்நகர் இன்று இல்லை. 1755 நவம்பர் 1, சகல புனிதர் திருநாள். காலைத் திருப்பலிக்கு மக்கள் ஆலயங்களில் நிறைந்திருந்த வேளையிற் பூமி அதிர்ந்தது. கூரைகள் வீழ்ந்தன, ஆற்றங்கரை வெளிக்கு ஓடியோரைக் கடல் எழுந்து வந்து அள்ளியது, பீடங்களின் மெழுகுதிரிகள் மூட்டிய தீ நாள்கணக்கில் எரிந்தது. மேட்டிலுள்ள கார்மேல் மடத்தின் ஆலயம் கூரையற்ற வளைவுகளோடு இன்றும் அந்நாளின் சாட்சியாக நிற்கிறது. 2004 மார்கழியில் கடல் எழுந்ததைக் கண்ட நம்மவர், அவ்வளைவுகளின் கீழே அதிகம் பேசமாட்டார்கள்.

ஓட்டு ஓவியத்திற் காணும் அந்தப் பழைய நகரமே அருளானந்தர் அறிந்த நகர். 1647 மார்ச் 1 அன்று பிறந்த யோவான் தெ பிரித்தோ, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் தோழராக வளர்ந்தார். 15 வயதில் இயேசு சபையிற் சேர்ந்தார். 1673-இற் கப்பலேறி மதுரை மறைபரப்புத் தளத்துக்கு வந்து, பண்டாரசுவாமியாகக் காவி உடுத்து, மரக்கறி உண்டு, தமிழ் பேசி வாழ்ந்தார். 1686-இல் மறவர் நாட்டிற் சிறையும் சித்திரவதையும் கண்டார். மறு ஆண்டு, சபையின் பணிக்காக அவர் லிஸ்பனுக்கு அனுப்பப்பட்டபோது, இளமைத் தோழர் இப்போது மன்னர். இங்கேயே இரும் என்று மன்னர் வேண்டினார். தாயும் அந்நகரில் இருந்தார். அருளானந்தர் தங்கவில்லை. 1690-இல் மீண்டும் கப்பலேறினார். 1693 பெப்ரவரி 4 அன்று ஓரியூரில் அவர் தலை வெட்டப்பட்டது. செய்தி லிஸ்பனை எட்டி, நன்றித் திருப்பலி நிறைவேறியபோது, அவர் தாய் துயர் உடை அணியாமல் விழா உடையோடு வந்து நின்றார் என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர்.

கப்பல்கள் போன பின்

இப்போது அந்த வினாவுக்கு வருவோம். நம் விசுவாசம் பறங்கியர் கப்பலில் வந்ததா? ஆம், வந்தது. 1619-இல் யாழ்ப்பாண அரசை அழித்த படையும் அதே கொடியின் கீழேயே வந்தது. சங்கிலி மன்னன் கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். 1621-இல் நல்லூர்க் கந்தசுவாமி கோவில் இடிக்கப்பட்டது. நம் இந்து உடன்பிறப்புகளின் நெஞ்சில் அது ஆறாத வடு என்பதை நாம் அறிந்து பேச வேண்டும். 1544-இல் மன்னாரில் ஏறத்தாழ 600 புதுக் கிறிஸ்தவர் யாழ்ப்பாண மன்னரின் ஆணையால் வெட்டப்பட்டனர் என்பதும் உண்மை. ஒரு குருதியைச் சொல்லி மறு குருதியைக் கழுவ இயலாது.

ஆனால் வரலாறு 1619-உடன் முடியவில்லை. 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தனர். போர்த்துக்கேயக் கப்பல்கள் போயின. அவற்றோடு கோட்டையும், அதிகாரமும், சலுகையும், குருக்களும் போயினர். கத்தோலிக்கக் குருவுக்கு இடமளிப்பது குற்றமாயிற்று. விசுவாசம் கப்பலின் சரக்காக மட்டும் இருந்திருந்தால், அந்நாளிலேயே அதுவும் ஏற்றிச் செல்லப்பட்டிருக்கும். நிகழ்ந்தது வேறு. 1670-ஐ ஒட்டி, மாந்தை மக்கள் தம் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினர். அக்காடே இன்றைய மருதமடு. குருவில்லாத வீடுகளில் தாய்மார் பிள்ளைகளுக்குத் தமிழிற் செபம் சொல்லிக் கொடுத்தனர். 1687-இற் கோவாவிலிருந்து புனித யோசவ்வாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில், கழுத்திற் செபமாலையோடு யாழ்ப்பாணத்துக்கு வந்தபோது, அவரை இனங்கண்டு மறைத்து வைத்தோர் அவ்வீட்டாரே. அவருக்குப் பின்னால் எந்தக் கப்பற்படையும் இல்லை. அவர் தங்கிப் பணியாற்றிய சில்லாலை இன்றும் அதனை நினைவுகூர்கிறது.

ஆகவே நம் இளையோர் சொல்லத்தக்க விடை இதுவே: கப்பலில் வந்தது, கப்பல் போன பின்னும் நின்றது. வந்ததற்குப் பல காரணங்கள். அவற்றுட் சில வெட்கத்துக்குரியவை. நின்றதற்குக் காரணம், நம் முன்னோர் அதைத் தம் மொழியில், தம் வீட்டில், தம் உயிரைப் பணயமாக வைத்து வாழ்ந்தமை. முதற்பகுதிக்கு மன்னிப்புக் கேட்போம். இரண்டாம் பகுதிக்கு நன்றி சொல்வோம்.

இன்னுமோர் இடம்

ஓட்டு ஓவிய அருங்காட்சியகத்திலிருந்து திரும்பும் வழியில், வெண்குவிமாடத்தோடு நிற்கும் சாந்தா எங்கிறாசியா ஆலயம் இன்று தேசிய நினைவாலயம். 2021-இல் அங்கே உடலில்லா நினைவுக்கல் ஒன்று வைக்கப்பட்டது. அது அறிஸ்தீதெஸ் தெ சூசா மெண்டெஸ் என்பவருக்குரியது. 1940-இல் அவர் பிரான்சின் போர்தோ நகரிற் போர்த்துக்கேயத் தூதரக அதிகாரி. 14 பிள்ளைகள் பெற்ற பக்திமிக்க கத்தோலிக்கர். நாசிப் படைகளுக்கு அஞ்சி ஓடி வந்த யூதரும் பிறரும் அவர் வாசலிற் குவிந்தனர். அனுமதியின்றி விசா வழங்கலாகாது என்பது அரசின் கட்டளை. அவர் அக்கட்டளையை மீறி, ஆயிரக்கணக்கானோருக்கு இரவு பகலாகக் கையொப்பம் இட்டார். அவர்கள் லிஸ்பனுக்கு வந்து, அங்கிருந்து கப்பலேறி உயிர் தப்பினர். அவரோ பதவியை இழந்து, வறுமையுற்று, 1954-இல் லிஸ்பனில் பிரான்சிஸ்கன் சபையாரின் மருத்துவமனையில் இறந்தார்.

நம்முட் பலர் இந்நாடுகளுக்கு எவ்வாறு வந்தோம் என்பதை நாமே அறிவோம். எங்கோ ஓர் எல்லையில், ஓர் அலுவலகத்தில், ஒருவர் போட்ட கையொப்பத்தால் உயிர் வாழ்வோர் நம் ஆலய வாங்குகளில் அமர்ந்திருக்கின்றனர். மிளகுக்கும் பொன்னுக்கும் அடிமைகளுக்கும் பெயர் பெற்ற அதே துறைமுகம், ஒரு மனிதரின் மனச்சாட்சியால், ஏதிலியரின் துறைமுகமாகவும் ஆயிற்று. அந்நினைவுக்கல்லின் முன் பிள்ளைகளை நிறுத்தி, உங்கள் சொந்தப் பயணத்தை அவர்களுக்குச் சொல்லுங்கள். பலர் இன்னும் சொல்லாமலே வைத்திருக்கிறீர்கள்.

லிஸ்பனில் இரண்டு நாள் தங்குவோர், முதல் நாளைப் பெலேமுக்கும் மேட்டு ஆலயங்களுக்கும், இரண்டாம் நாளை அந்தோனியார் ஆலயத்துக்கும் கிழக்குப் பகுதிக்கும் ஒதுக்கலாம். படங்கள் எடுங்கள்; பணியாரமும் உண்ணுங்கள். அந்தோனியாரின் நிலவறையில் ஒரு திரி ஏற்றி, பெயர் மட்டுமே எஞ்சிய அம்மூன்று தமிழ்நூலாசிரியருக்காகவும், பெயரும் எஞ்சாத குழியின் மக்களுக்காகவும் ஒரு கர்த்தர் கற்பித்த செபத்தைத் தமிழிற் சொல்லுங்கள். அதன் பின் பாத்திமா அன்னையிடம் செல்லுங்கள்.

உங்கள் பயணம் நலமாய் அமைவதாக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார் உங்களையும் உங்கள் பிள்ளைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.